ஆளுக்கு ஒரு மாத்திரை

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாளும் அதுவுமாகக் கோபத்தோடுதான் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். "அம்மா, அப்பாகூட மல்லுக்கு நிக்காத. வாய்க்கு வர்றத எழுதி வை, பாதிக் கோவம் போயிரும்" என்று ஹரிணி ஹாஸ்டலிலிருந்து ஃபோனில் சொன்னாள். நர்சிங் படிக்கிறாள். படிப்பு முடியவில்லை, அதற்குள் எனக்கு வைத்தியம். சரி, எழுதித்தான் பார்ப்போமே.

என் வீட்டுக்காரர் குழந்தைவேல், பள்ளிக்கூட பஸ் டிரைவர். மாசி மாதம் பஸ்ஸின் கூரையைக் கழுவ ஏறியவர் ஏணி வழுக்கி விழுந்தார். முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. வலிக்கு டாக்டர் கொடுத்தது டிரமடால் என்கிற மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அதற்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து பருப்புக்கும் முட்டைக்கும் காவல் காக்கிறவள். ஓர் அட்டை மாத்திரையைக் காப்பது எனக்கு ஒரு வேலையா?

இன்று மத்தியானம் இன்னொன்று வேண்டுமென்றார். மாட்டேன் என்றேன். பாயசத்தைத் தொடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பீடி, குடி, பாக்கு என்று எதையும் தொடாத மனிதர். குழந்தை மாதிரி முறுக்கிக்கொள்வது இப்போதுதான்.

ஏப்ரல் 19

டாக்டரிடம் போய் வந்தோம். காயம் நன்றாக ஆறிவிட்டதாம். "அந்த மாத்திரை இனி வேண்டாம். சாதாரண வலி மாத்திரை போதும். காலையும் சாயங்காலமும் நடங்க. ஜூன்ல வண்டி எடுக்கலாம்" என்றார். எனக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் எங்கள் லைன். லைன் பிள்ளைகள் அத்தனையும் இவர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் போகின்றன. எந்தப் பிள்ளை தாமதமாக வந்தாலும் நின்று ஏற்றிக்கொண்டு போகிறவர் என்பதால் இவரைத் தாய்மார்களுக்கெல்லாம் பிடிக்கும்.

இவருக்குச் சந்தோஷம் இல்லை. "வலி எனக்கா, அந்தாளுக்கா?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். மீதி மாத்திரை ஓர் அட்டை சொச்சம் இருக்கிறது. ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பீரோவிலேயே வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22

இந்த வெயிலில் இவருக்குச் சளி பிடித்திருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, ஓயாமல் கொட்டாவி, உடம்பெல்லாம் புல்லரிப்பு. கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை, உதறிக்கொண்டே இருக்கிறார். மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தேன். முதுகு வலி தாங்கவில்லை என்று கண்ணில் தண்ணீர் வைத்தார். பார்க்கச் சகிக்காமல் பீரோவைத் திறந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கு நின்றது, கொட்டாவி நின்றது, எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசினார்.

ரசம் நன்றாகக் கேட்டது.

ஏப்ரல் 28

பீரோவில் இருந்தது தீர்ந்துவிட்டது. சளி திரும்பத் திரும்ப வந்ததால் நான்தான் கொடுத்தேன். இனிமேல் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பினார். இந்த நல்ல புத்தி முதலிலேயே வந்திருக்கக்கூடாதா?

மே 3

வாக்கிங் போக ஆரம்பித்ததிலிருந்து ஆள் மாறிவிட்டார். போகும்போது சிடுசிடுவென்று போகிறவர், வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருகிறார். லைனில் ஒரு வீடு விடாமல் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் பேசுகிறார்களாம். எதிர்வீட்டு சுலோச்சனாக்கா சொன்னார்: "டிரைவர் தம்பி வந்தாவே எங்களுக்கு ஒரு தெம்புங்க. பாவம், முதுவப் புடிச்சுக்கிட்டு உக்காரையில மனசு கேக்க மாட்டீங்குது."

எனக்கும் ஒரு வாய் காப்பி கொடுக்கலாம்தான். சத்துணவுக்காரிக்கு யார் கொடுப்பார்கள்?

மே 8

மூன்று நாளாக வயிறு போகவில்லையாம். பப்பாளி வாங்கி வந்தேன். மூக்கையும் முதுகையும் சொறிந்துகொண்டே இருக்கிறார். வேர்க்குருவாக இருக்கும்.

மே 11

சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். கை சோற்றில், தலை நெஞ்சில். எழுப்பினால் என்னைப் பார்த்து, "எந்த ஸ்டாப் இது?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் சிரிப்பு நின்றது. வெயில் ஆளைப் போட்டு அடிக்கிறது, வேறென்ன.

மே 15

வலி அதிகமென்று ஒரு காலி அட்டையை என் கையில் கொடுத்து, "மெடிக்கல்ல காட்டு, குடுப்பான்" என்றார். எல்லாரும் அப்படித்தானே வாங்குகிறோம். ரத்தக் கொதிப்புக்கும் தைராய்டுக்கும் காலி அட்டைதான் எங்களுக்குச் சீட்டு. பொறுக்க முடியாமல் கேட்கிறார், இந்த ஒரு தடவை மட்டும் என்று போனேன். மெடிக்கல்கார ரங்கநாதன் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நீட்டினான்.

"டாக்டர் சீட்டு இல்லாம இதத் தர முடியாதுங்க்கா."

"நான் யாருன்னு தெரியுமல்ல? தெனமும் பாக்கற ஆளுதான நான்?"

"தெரியறதுனாலதான் சொல்றனுங்க. உங்க லைன்லருந்து இதே அட்டையக் கொண்டுக்கிட்டு எத்தன பேரு வந்துட்டாங்க தெரியுமா? அத்தன பேருக்குமா முதுவு வலி?"

நடுக்கடையில் வைத்து எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டாத குறை. இனி அந்தக் கடைப் படி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். லைனில் வேறு யாருக்கு முதுகு வலி என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மே 21

துணியை ஊறப் போட்டது போட்டபடி கிடக்க, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் விதவிதமான மாத்திரை. சிவப்பும் மஞ்சளும், பாதியாக உடைத்தது, அட்டையோடு கத்தரித்தது. "என்னதுங்க இது?" என்றேன். முதலில் வைட்டமின் என்றார். பிறகு, "அவியளாக் குடுத்தாங்க. நான் யாருகிட்டயும் கையேந்துல" என்றார்.

நேராக சுலோச்சனாக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

"ஆமாங் கண்ணு. எங்க மாமனாருக்குப் புத்துநோய் வந்தப்பக் குடுத்தது. அவரு போய்ச் சேந்துட்டாரு, மாத்திர அப்படியே கெடக்குது. தூக்கி வீச மனசு வருமா? தம்பி வலிக்குதுன்னாப்ல, ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தேன். நல்லாக் கேக்கும்."

ஒன்றே ஒன்று! அடுத்த வீட்டில் பழனாத்தாளும் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தாளாம், மூட்டு வலிக்கு வாங்கியதில் மிஞ்சியது. அதற்கடுத்த வீட்டில் சிசேரியன் ஆனபோது கொடுத்தது. அதற்கும் அடுத்ததில் கை ஒடிந்தபோது. ஊசி போட்ட மாதிரி வலி போகும் என்று கொடுத்திருக்கிறார்கள், தூக்கம் வரும் என்று கொடுத்திருக்கிறார்கள். சிலர் அட்டையைத் தூக்கிக்கொண்டு மெடிக்கலுக்கே போயிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று, நாள் தவறாமல். காப்பியோடு சேர்த்து.

நான் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மகாராணி மாதிரி நடந்தேன். ஊரே இவருக்குப் பீரோவாக இருந்திருக்கிறது.

மே 22

மறுபடியும் ரசம் வைத்தேன், கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. அது சளியே இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியாதா? தெரியும். எழுதத்தான் இல்லை.

மே 24

ஹரிணியிடம் சொன்னேன்.

"அம்மா, ஒடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. கெடைக்கலைன்னா சளி மாதிரி வரும், கை கால் ஒதறும். ஒரேயடியா நிறுத்திராத, வலிப்பு கிலிப்பு வந்துரும். டாக்டர் பாத்துக் கொறச்சுக் கொறச்சுத்தான் நிறுத்தோணும். பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போ."

அந்தப் பெயரை எடுத்ததும் இவர் சட்டி பானை எல்லாம் அதிர ஒரு கத்து கத்தினார். "நான் என்ன பைத்தியமா? குடிகாரனா? ஒரு பொட்டுச் சாராயம் நாக்குல பட்டிருக்குமா? டாக்டரே எழுதிக் குடுத்த மாத்திர புள்ள இது!"

எனக்கும் எரிச்சல் அதுதான். சாராயமாக இருந்தால் லைனே கூடிக் காறித் துப்பியிருக்கும். மாத்திரை என்பதால் காப்பி போட்டுக் கொடுக்கிறது.

மே 28

பள்ளிக்கூட மேனேஜர் ஃபோன் செய்தார். பள்ளி திறக்கிற நாளைச் சொல்லிவிட்டு, "முதுகு எப்படிங்க குழந்தைவேல்? வண்டி எடுத்துருவீங்கல்ல?" என்றார். "ஜம்முனு இருக்கறனுங்க சார்" என்று இவர் சொன்னபோது கண்ணின் கருவிழி கடுகளவுதான் இருந்தது. ஃபோனைப் பிடுங்கிச் சொல்லிவிடலாம் என்று கை போனது. சொன்னால் இவர் இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. வண்டி இல்லாமல் இவருக்கு என்ன இருக்கிறது? கையை இழுத்துக்கொண்டேன்.

ஜூன் 1

வீடு வீடாகப் போனேன். மிச்சம் மீதி வலி மாத்திரையை எல்லாம் என்னிடம் கொடுங்கள், ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிடுகிறேன், இவருக்கு மட்டும் தராதீர்கள் என்று கெஞ்சினேன். எனக்குப் பொறுமை போதவே போதாது, இருந்தும் கெஞ்சினேன்.

பழனாத்தாள், "காசு போட்டு வாங்குனதுங்க்கா, நாளைக்கு யாருக்காச்சும் ஆவும்" என்றாள். சிசேரியன்காரி, "நான் குடுக்கறதே இல்லீங்" என்று சொல்லும்போதே அவள் மாமியார் ஜன்னல் மேலிருந்த டப்பாவை எடுத்துத் துணிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு வீட்டில் மட்டும் கேட்டதும் கை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள். மகிழ்ந்து போய் வாங்கினால், "நீங்களே வெச்சுக்குங்க, அண்ணனுக்குத்தான் ஆவுதே" என்கிறார்கள்!

சுலோச்சனாக்கா கடைசியில் சொன்னதுதான் உச்சம். "கட்டுனவனுக்கு வலிக்கறப்ப மாத்திர குடுக்காத பொம்பளையப் பத்தி நாங்க ஒண்ணும் பேசறதில்லைங் கண்ணு. நீ எங்களப் பேசாத."

வீட்டுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

ஜூன் 5

வண்டியை ஓட்டிப் பார்த்து வருகிறேன் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது சாமி கும்பிட்ட திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது, முகம் வெளுத்திருந்தது. தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் சுவரில் உரசி, இடது கண்ணாடி உடைந்துவிட்டதாம். "நாய் குறுக்க வந்துருச்சு" என்றார்.

சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்களே, அந்தச் சுவர். அவர்கள் புத்தகப் பையை வைக்கிற திட்டின் ஓரம் பெயர்ந்து கிடந்தது. சக்கரத்தின் தடம் திட்டு மேல் ஏறி இறங்கியிருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர், "நாயா? ஒண்ணையும் காணமுங்க. டிரைவர் கண்ணசந்துட்டாப்ல இருந்துச்சு" என்றார்.

அந்தத் திட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரும்போது பெயர்ந்த கல்லை ஓரமாக எடுத்து வைத்தேன்.

ஜூன் 6

இன்று காவேரித் தண்ணீர் வந்த நாள். குழாயடியில் லைனே குடத்தோடு நிற்கும். நான் குடம் இல்லாமல் போனேன். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காதில் விழும் தூரம்தான். விழட்டும் என்றுதான் சத்தமாகப் பேசினேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என்ற வீட்டுக்காரரு வண்டி ஓட்டற நெலமைல இல்ல. அவருக்கு மாத்திரப் பழக்கம் ஆயிப்போச்சு. நேத்துத் தண்ணித் தொட்டிகிட்ட உங்க புள்ளைங்க நிக்கற திட்டு மேல வண்டிய ஏத்திட்டாரு. பள்ளிக்கூடம் தொறக்குல, அதனால ஆரும் அங்க நிக்குல. நீங்க குடுக்கற மாத்திரையும் நீங்க பெத்த புள்ளையும் ஒரே வண்டியிலதான் போவுது. இனிமே குடுக்கறதுன்னா அதையும் ரோசன பண்ணிக் குடுங்க."

குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் குடத்தை நகர்த்தவில்லை. பிறகு பழனாத்தாள்தான், "என்னதான் இருந்தாலும் கட்டுனவர நடுத்தெருவுல வெச்சு..." என்று ஆரம்பித்தாள். யாரும் அவளோடு சேர்ந்து பேசவில்லை. அவளே நிறுத்திக்கொண்டாள்.

திரும்பி வந்தால் வாசலில் நாற்காலி மட்டும் இருந்தது. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் செய்தது சரிதான். சரியாக இருந்தால் அவர் முகத்தைப் பார்க்க ஏன் முடியவில்லை? இவ்வளவு காலம் சேர்த்த மரியாதையை ஒரு குடம் நிறைவதற்குள் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன்.

மத்தியானத்திலிருந்து கதவு தட்டுகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில், மஞ்சள் டப்பாவில், பழைய பர்ஸில், கேரி பேக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். சிசேரியன்காரியின் மாமியார் துணிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். விளக்கு வைத்த பிறகு சுலோச்சனாக்கா வந்தார். கையில் அவர் மாமனாரின் மருந்துப் பை. "பேரன் அந்தத் திட்டுலதான் மொதல்ல போய் உக்காருவான்" என்றார். பையைக் கீழே வைக்காமல் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 7

விடிந்ததும் இவராகவே குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஊர் கொடுத்த மாத்திரையை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். பக்கத்துச் சீட்டில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா சின்ன வயசு. அதட்டவில்லை, புத்திமதி சொல்லவில்லை. "உங்க தப்புன்னு நெனைக்காதீங்க. இந்த மாத்திரையோட கொணமே அது. மெதுவா எறக்கிரலாம். மாசக் கணக்குல ஆகும். அதுவரைக்கும் வண்டி மட்டும் வேண்டாம்" என்றார். அளவு எழுதி, மாத்திரையை என் பொறுப்பில் கொடுத்தார். ஊர் கொடுத்த மூட்டையை அங்கேயே ஒப்படைத்தேன். மருந்தாளுநர் பிரித்துப் பார்த்து, "ஒரு தெருவுலயா இவ்வளவு?" என்றார். ஒரு லைனில் என்று திருத்தினேன்.

வரும் வழியில் மேனேஜருக்கு இவரே ஃபோன் செய்தார். கொஞ்ச நாளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். முதுகு சரியில்லை என்றார், மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.

என்னோடு பேச்சில்லை.

ஜூன் 9

இன்றும் பேச்சில்லை. கால் உதறுகிறது, வியர்க்கிறது, படுக்கிறார், எழுகிறார். வேளைக்கு நான் மாத்திரையை நீட்டுகிறேன், முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டினால்கூட நன்றாக இருக்கும். நானாகப் பேசப் போவதில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஜூன் 10

பள்ளி திறந்தது. காலையில் இவர் காக்கிச் சட்டையைப் போட்டதைப் பார்த்து அடுப்பை அணைத்தேன். இவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

திட்டு மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றி நின்ற தாய்மார்கள் எங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் பக்கம் நெருங்கி நின்றார்கள். பஸ் வந்தது, உள்ளே புது டிரைவர், சின்னப் பையன். பிள்ளைகள் ஏறி முடித்ததும் இவர் கையைக் காட்டி, "ஒரு நிமிசந் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியைப் பிடித்து மெதுவாக ஏறினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஸ்டீயரிங்குக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைத் தொட்டார். படத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"பாருங்க, சாமி கும்பிடத்தான் ஏறியிருக்காரு" என்று சுலோச்சனாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவர் நேராக என்னிடம் வந்து என் உள்ளங்கையில் அதை வைத்தார். காகிதப் பொட்டலம். முருகனுக்குப் பின்னால், வண்டி ஓட்டும்போதே கைக்கு எட்டுகிற இடத்தில், எப்போது கொண்டுபோய் வைத்தாரோ? இவ்வளவு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பிரேக்குக்கும் கியருக்கும் நடுவில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். அங்கேயே அவரை அறைந்துவிடலாம் என்று வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கையை மூடினேன்.

பஸ் கிளம்பிப் போனது. பழனாத்தாள் மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். புது டிரைவர் பார்க்கவில்லை. "கொஞ்சம் நின்னா என்ன இவனுக்கு?" என்று இவர் முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வா போலாம். காலை மாத்திர இன்னும் நீ குடுக்குல."